ஏழு தண்ணி அலசிய காகிதம்

ஊசியில் நூல் கோர்க்க மகளைக் கூப்பிட வேண்டிய வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். அதனால் என் வயதுக்காரர்களுக்கே இதை எழுதுகிறேன். சின்னவர்களிடம் சொன்னால் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே போனைப் பார்ப்பார்கள். முழுப் பரீட்சை முடிந்ததும் பழைய நோட்டுகளில் எழுதாத பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, அடுத்த வருடத்துக்கு ரஃப் நோட்டு செய்துகொண்ட கூட்டம் நாம். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் ஒரு பெருமை இருந்தது. எங்கள் வீட்டில் காகிதம் செய்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. "காயிதம் மில்லுல செய்வாங்க, ஊட்டுல தோசையா சுடறீங்க?" என்று கேட்டாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி. மறுநாள் ஒரு தாளைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துக் கிழிக்கச் சொன்னேன். பல்லால் கடித்தும் அவளால் கிழிக்க முடியவில்லை. அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். அப்பா இரண்டு ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்பூச்சி வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரு மழைக்காலத்தில் பூச்சிக்கு நோய் வந்தது. கூடு கட்ட வேண்டிய வாரத்தில் தட்டுத் தட்டாகச் செத்தன. வாரிக்கொண்டுபோய்க் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவிய அன்று அப்பா சாப்பிடவில்லை. பூச்சி போனாலும் செடி நின்றதே, அந்தக் குச்சியின் பட்டையில் காகிதம் செய்யலாம் என்று யாரோ சொல்லி, அரசாங்கப் பயிற்சி ஒன்றுக்குப் போனார். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த தன் தங்கையையும் துணைக்கு அழைத்துப் போனார். காகிதத்தை எங்கே விற்கலாம் என்று அப்பா கற்றுக்கொண்டு வந்தார். காகிதம் செய்யக் கற்றுக்கொண்டு வந்தது என் அத்தைதான்.

அத்தைக்கு அப்போது இருபத்தாறு வயது. அதை ஊர் அறுபத்திரண்டு போலப் பார்த்தது. நாலைந்து ஜாதகம் வந்து, பொருந்தாமல் திரும்பிப் போயிருந்தது. ஒவ்வொன்று திரும்பிப் போகும்போதும் அம்மா பெருமூச்சு விடுவாள், அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். அத்தை மட்டும் கொட்டகைக்குப் போய்த் தொட்டியில் கையை விட்டுவிடுவாள்.

கொட்டகை என்றால் பழைய பூச்சிக் கொட்டகைதான். தட்டு அடுக்கியிருந்த இடத்தில் இரண்டு சிமெண்டுத் தொட்டிகள் கட்டியிருந்தார்கள். குச்சிகளைப் பெரிய டிரம்மில் ஆவி கட்டினால் பட்டை வாழைப்பழத் தோல்போல உரிந்து வரும். மேலே இருக்கும் கறுப்பைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளைப் பட்டையைச் சலவைச் சோடா போட்டு வேகவைப்பார்கள். அந்த வாசனை, ஈர வைக்கோலும் சோப்பும் சேர்ந்த வாசனை, என் பாவாடையில், தலைமயிரில், தயிர்சோற்றில் எல்லாம் இருந்தது. வெந்த பட்டையை அலசி, அரைத்து, கூழாக்கித் தொட்டி நீரில் கலக்குவார்கள். கூழ் அடியில் தங்காமல் மிதப்பதற்கு வெண்டைத் தண்டை நசுக்கி அதன் கொழகொழப்பைச் சேர்ப்பார்கள். பிறகு வலை அடித்த மரச்சட்டத்தை அத்தை சாய்வாக நீருக்குள் இறக்கி, மட்டமாகத் தூக்குவாள். நீர் வடியும். சட்டத்தின் மேல் பாலாடை போல ஒன்று நிற்கும். அதைத் துணியில் கவிழ்த்து, அழுத்தி, தகரப் பலகையில் ஒட்டி வெயிலில் வைத்தால் மாலையில் காகிதம். காய்ந்த தாளைத் தகரத்திலிருந்து உரிக்கும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவேன்.

அந்தத் தாளைத் துணிபோலத் தைக்கலாம். அத்தை எனக்குத் தையல் மெஷினில் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். செவ்வந்தி இதழும் சின்ன வெங்காயத் தோலும் பதித்த தாளில் செய்த பை. மழையில் நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் பழையபடி ஆகிவிடும். இரண்டு வருடம் அதில்தான் சிலேட்டுக் குச்சியும் ரிப்பனும் வைத்திருந்தேன். பிறகு பேரூர்த் தேருக்குப் போன பஸ்ஸில் தொலைத்தேன். இப்போது என்னிடம் அத்தை செய்த காகிதம் ஒரு துண்டுகூடக் கிடையாது. யாராவது கேட்டால் காட்டுவதற்கும் வழியில்லை.

இவ்வளவு வேலையிலும் அத்தை விட்டுக்கொடுக்காத ஒன்று அலசுவது. சோடா முழுக்கப் போக வேண்டும். தொட்டியை நிரப்பி, பட்டையைப் போட்டு மிதித்து, நீரை வடித்துவிட்டால் அது ஒரு தண்ணி. மறுபடி நிரப்பி வடித்தால் இரண்டாவது தண்ணி. அத்தையின் காகிதத்துக்கு ஏழு தண்ணி. கடைசியில் ஒரு பிடி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பாள். வழவழப்பு கொஞ்சம் இருந்தாலும் எட்டாவது தண்ணி. அப்பாவுக்கு அது பொறுக்காது. கிணறு எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எங்கள் முறை. அந்த முறையிலும் மூன்று பேஸ் கரண்ட் மதியத்தோடு போய்விடும்.

"காயிதம் குடிச்ச தண்ணியில ஒரு வெங்காயக் காடு பாய்ச்சியிருக்கலாம்" என்பார் அப்பா.

"அலசாத காயிதம் ஆறு மாசத்துல பழுத்துருமுங்கண்ணா. அப்பறம் பாய் நம்ம பக்கமே வரமாட்டாரு" என்பாள் அத்தை.

பாய் என்பது கோட்டைமேட்டில் கடை வைத்திருந்த காகித வியாபாரி. ஆல்பம் அட்டை, விளக்கு மூடி, கல்யாணப் பத்திரிகை என்று எங்கள் காகிதத்துக்கு ஊர் ஊராக வேலை தேடித் தந்தவர் அவர்தான். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. தாளை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மணி கையில என்னமோ இருக்குதுங்க" என்று அப்பாவிடம் சொல்வார். அப்பா தன்னைப் புகழ்ந்ததுபோலத் தலையாட்டிக்கொள்வார்.

இப்படியிருக்கும்போதுதான் பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்து, பொருந்தியும் விட்டது. மாப்பிள்ளை அங்கே தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். பெண் பார்க்க வந்தபோது பெரியவர்கள் எல்லாரும் கச்சாயம் தின்றுகொண்டு தோட்டத்தின் பரப்பளவை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெல்ல எழுந்து கொட்டகைப் பக்கம் போனார். அத்தை அங்கே ஏதோ எடுக்கப் போனவள் மாதிரி நின்றாள். நான் இருவருக்கும் நடுவில், எங்கேயும் போகாமல் நின்றேன்.

"இது நீங்க செஞ்சதுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"கிழியாதுன்னு சொன்னாங்க."

"இழுத்துப் பாருங்க."

இழுத்துப் பார்த்தார். கிழியவில்லை. இன்னும் பலமாக இழுத்ததில் அவர் கை வழுக்கிப் பின்னால் இருந்த தகரத்தில் முட்டிக்கொண்டார். அத்தை சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அத்தை வெளி ஆணிடம் சிரித்துப் பேசியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். போகும்போது அவர் அப்பாவிடம், "கல்யாணப் பத்திரிகையை இந்தக் காயிதத்துலயே அடிச்சரலாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அத்தை வேறு ஆளாக இருந்தாள். வேகவைக்கும் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோலப்புள்ளி யோசிப்பாள். என் சடையை ஒருநாளுக்கு இரண்டு தடவை அவிழ்த்துப் பின்னுவாள். "பெருந்துறையில மல்பெரி வருமா அம்மணி?" என்று ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என்னைக் கேட்பாள். வரும் என்று நானும் தெரிந்தவள்போலச் சொல்வேன். அந்தக் கல்யாணம் அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்ல எனக்கு இதைவிட வேறு சாட்சி இல்லை.

பத்திரிகைக்கான பட்டையையும், பாய் கேட்டிருந்த பெரிய ஆர்டருக்கான பட்டையையும் ஒன்றாகவே அத்தை வேகவைத்தாள். அந்த ஆர்டரும் கல்யாணப் பத்திரிகைக்கான காகிதம்தான், சீசன் நேரம். மறுநாள் அலச வேண்டும். மறுநாள்தான் முகூர்த்தச் சேலை எடுக்கவும் நல்ல நாளாக அமைந்தது. வேலைக்கு வரும் இரண்டு பெண்களும் அவர்கள் ஊர்க் கோயில் நோம்பி என்று வரவில்லை. அத்தை தயங்கினாள்.

"நான் அலசிக்கறேன், நீ போயிட்டு வா" என்றார் அப்பா.

"ஏழு தண்ணிங்கண்ணா."

"எனக்குத் தெரியாதாக்கும்."

அம்மாவும் அத்தையும் முதல் பஸ்ஸுக்குக் கோயமுத்தூர் போனார்கள். எனக்கு விடுமுறை. தென்னை மரத்தடியில் உட்கார்ந்து, ஊற வைத்த புளியங்கொட்டையை மென்றுகொண்டு அப்பா மிதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒழுங்காகத்தான் மிதித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்காவதை வடித்துவிட்டு வரப்பில் ஏறி வெங்காயக் காட்டைப் பார்த்தார். சின்ன வெங்காயம் காய் பிடிக்கும் நேரம். வெங்காயத் தாளின் நுனி கருகி நின்றது. கரண்ட் போக இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கும். இன்று பாயாவிட்டால் அடுத்த முறைக்கு இரண்டு நாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தொட்டிக்குப் போகும் மடையை மண்வெட்டியால் அடைத்து, காட்டுப் பக்கம் திறந்துவிட்டார்.

திரும்பி வரும்போது நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். என் அப்பா அதிகம் பேசாதவர். எங்கள் காலத்து அப்பாக்களை உங்களுக்குத் தெரியும்தானே, பிள்ளைகளிடம் பேசினால் மரியாதை குறைந்துவிடும் என்று நினைத்தவர்கள். அன்று அவர் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து, பாதியைக் கடித்துக்கொண்டு மீதியை என்னிடம் நீட்டினார்.

"அத்தைகிட்டச் சொல்லிப்போடாதே அம்மணி. அவ கத்துவா. நாலு தண்ணிக்கு மேல எல்லாம் சும்மா, அவ மனசுக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் என்னைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்ட ஒரே நாள் அது. அந்தக் கொய்யாப்பழம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

சாயங்காலம் அத்தை சேலைப் பையோடு நேராகக் கொட்டகைக்குத்தான் வந்தாள். பாதிப் பட்டையை அப்பா ஏற்கெனவே அரைவை மெஷினில் போட்டிருந்தார். மீதியில் ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா எத்தனை தண்ணி உட்டாரு அம்மணி?"

"ஏழு, அத்தை."

"எண்ணுனியா?"

"எண்ணுனனுங்கத்தை."

விரலை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். பிறகு முந்தானையில் துடைத்துவிட்டு, "செரி, வா, சேலையைப் பாக்கலாம்" என்றாள். அரக்கு நிறம், மாம்பழக் கரை. என் தோள்மேல் போட்டுப் பார்த்தாள்.

காகிதம் நன்றாகத்தான் வந்தது. கண்ணுக்கு ஒரு குறை தெரியாது. பத்திரிகையும் அச்சடித்து வந்தது. ஊர் வழக்கப்படி அம்மா மஞ்சளைக் குழைத்து, முதலில் கொடுக்க வேண்டிய இரண்டு பத்திரிகைக்கு மட்டும் நாலு மூலையிலும் தடவினாள். தடவும்போது மஞ்சளாகத்தான் இருந்தது. முதல் பத்திரிகையைக் குலதெய்வக் கோயிலில் கல்லுக்கு அடியில் வைத்துக் கும்பிட்டார்கள். இரண்டாவதை எடுத்துக்கொண்டு, ஈரம் காயும் முன்னே, வெற்றிலை பாக்கோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய அப்பா, பெரியம்மா, ஊர்ப் பெரியவர் ஒருவர். அப்போது கொட்டகை வாசலில் பாயின் டெம்போ நின்றிருந்தது. ஆர்டர் காகிதக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாய் வேப்பமரத்து நிழலில் நின்று தார்ப்பாயை உதறிக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டு ஒறம்பரை வந்திருக்கிறார்கள் என்று அவர் வீட்டுப் பக்கம் வராமல் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்.

பெரியம்மா பத்திரிகையைக் கட்டிலின் மேல் வைத்தார். நாலு மூலையும் சிவந்திருந்தன. செங்கல் சிவப்பு. அம்மாவின் விரல் ரேகை அதில் அப்படியே தெரிந்தது.

"ஏனுங்க, இதென்னங்க இது? மஞ்சள் வெச்சுத்தான் குடுத்தீங்க. சாமி படத்துக்கு முன்னால வெச்சேன். விடிஞ்சு பாத்தா நாலு மூலையும் ரத்தமாட்ட நிக்குது. எங்க ஊட்டுல சோறு எறங்கலீங்க."

அம்மா பத்திரிகையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "நல்ல கெழங்குதானுங்க, நானே அரைச்சனுங்க" என்றாள்.

சமையல் அறைக் கதவோரத்தில் அத்தை நின்றிருந்தாள். கல்யாணப் பெண் பேசக் கூடாத இடம். பேசினாள்.

"மஞ்சள்ல ஒண்ணுமில்லைங்க. காயிதத்துல சோடா தங்கீருக்குதுங்க. செரியா அலசலைன்னா மஞ்சள் பட்டுச் செவந்துருமுங்க. ஆரத்திக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவக்கறதில்லீங்களா? அதேதானுங்க."

எவ்வளவு எளிமையான விளக்கம் பாருங்கள். அந்த வீட்டில் இருந்த ஒவ்வொரு பெண்ணும் தன் வாழ்நாளில் ஐம்பது ஆரத்தியாவது கரைத்தவள். வெள்ளிக்கிழமை தட்டில் சிவந்தால் மங்கலம், பத்திரிகையில் சிவந்தால் ரத்தம். பெரியம்மா அத்தையை மேலும் கீழும் பார்த்தார். "பொண்ணு நல்லாப் பேசுதுங்க" என்றார்.

ஊர்ப் பெரியவர் நல்ல மனிதர். கல்யாணத்தைக் காப்பாற்றத்தான் அவர் வந்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "ஏனப்பா, உன்ற தங்கச்சி சொல்றது நெசந்தானா? அலசறதுல ஏதாச்சும் கொறை ஆயிப்போச்சா? அப்படின்னா சொல்லீரு. காயிதத்துக் கொறைன்னா நாங்க வேற பத்திரிகை வாங்கிக்கிட்டுப் போயிக்கறோம்" என்றார்.

ஒரு ஆமாம் போதும். அவ்வளவுதான் அத்தையின் கல்யாணத்துக்கு வேண்டியிருந்தது.

அப்பா ஜன்னல் வழியாக டெம்போவைப் பார்த்தார். அதே பட்டை, அதே தண்ணியில் செய்த காகிதம் அதில் ஏறிக்கொண்டிருந்தது. பூச்சி செத்த வருடம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். அவர் கெட்டவர் இல்லை என்று நான் இப்போதும் சொல்வேன், ஆனால் அதைச் சொல்லும்போது எனக்கே சலிப்பாக இருக்கிறது.

"அப்படியெல்லாம் இல்லைங்க. எங்க காயிதம் ஏழு தண்ணி அலசுனதுங்க. நானே நின்னு அலசுனனுங்க. கோயமுத்தூர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க, எங்க காயிதத்துல ஒரு கொறை சொல்லமாட்டாங்க" என்றார்.

காகிதத்தில் குறை இல்லையென்றால் குறை வேறு எங்கே? அப்பா அதை யோசிக்கவில்லை. பெரியம்மா யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்போது அத்தை என்னைப் பார்த்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவ்வளவு பேர் இருந்த இடத்தில் அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. கண் இமைக்காமல் என்னையே பார்த்தாள். அப்பாவும் என்னைப் பார்த்தார். அப்பாவின் பார்வை எனக்கு உடனே புரிந்தது. அத்தையின் பார்வைக்கும் நான் அதே அர்த்தத்தை வைத்துக்கொண்டேன். பெரியவர்கள் பேசும் இடம், வாயைத் திறக்காதே என்கிறாள் என்று. நான் தூணை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நல்ல பிள்ளையாக நின்றேன்.

அவர்கள் மோர் குடிக்காமல் போனார்கள்.

கல்யாணம் நின்றுபோன செய்தி வர ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதே முகூர்த்தத்தில், அதே மண்டபத்தில், மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெண் முடித்துவிட்டார்கள். நாள் வீணாகக் கூடாது அல்லவா. அத்தை அரக்குச் சேலையை மடித்து அம்மாவின் பெட்டியில் வைத்தாள். மறுநாள் காலை வழக்கம்போலக் குச்சி உரித்துக்கொண்டிருந்தாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. கொட்டகையில் எப்போதும் ஆவிதான், யாருடைய முகமும் காய்ந்திருக்காது.

இன்னும் இரண்டு வாரம் கழித்துப் பாய் வந்தார். டெம்போவில் இல்லை, பஸ்ஸில். கையில் ஒரு கட்டுப் பத்திரிகை. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வீடு, பொள்ளாச்சியில் ஒரு வீடு, எல்லாவற்றிலும் மஞ்சள் வைத்த மூலை சிவந்து, திரும்பி வந்திருந்தன. சத்தம் போடவில்லை. பத்திரிகையைக் கட்டிலில் வைத்துவிட்டு, "சோடா போகலீங்க. இன்னும் ரெண்டு மூணு தண்ணி உட்டிருந்தாப் போதும்" என்றார். பிறகு அம்மா மூலம் நடந்ததைக் கேட்டார். கேட்டுவிட்டு வாசல் பக்கம் கையை நீட்டினார்.

"நான் இந்த வேப்பமரத்தடியிலதானுங்களே நின்னேன். ஒரு குரல் குடுத்திருந்தா நானே வந்து ஒரு டம்ளர்ல சோடாவையும் மஞ்சளையும் கலக்கிக் காட்டியிருப்பனேங்க. சரக்கு கெட்டா வேற சரக்கு வாங்கிக்கலாமுங்க. பொண்ணு காரியமுங்க இது."

அந்த இடத்திலாவது அப்பா சொல்லியிருக்கலாம். சொல்ல இனிப் பயமும் இல்லை, பலனும் இல்லை. ஆனால் மனிதன் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குக் காவல் இருக்கத்தான் வேண்டியிருக்கிறது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் ஏழு தண்ணியும் உட்டனுங்க. வேக வெக்கறப்ப அவதான் கல்யாண நெனப்புல சோடாவை அளவில்லாமப் போட்டுப்போட்டா."

அத்தை கதவோரத்தில்தான் நின்றிருந்தாள். இந்த முறை பேசவில்லை. நான் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன், எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஊருக்கு அது போதுமாக இருந்தது. தன் கல்யாணத்தைத் தானே கெடுத்துக்கொண்டவள் என்று அத்தைக்குப் பெயர் வந்தது. காரணம் சோடா என்று தெரிந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், ராசி என்று நம்பியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு கொடுமுடியிலிருந்து இரண்டாம் தாரமாகக் கேட்டு ஒரு வரன் வந்தது. அத்தை வேண்டாம் என்றாள். "இந்த நெலமையிலயும் ராங்கியப் பாரு" என்றார் அப்பா. அதோடு அவர்கள் இருவருக்கும் பேச்சு நின்றது. தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக இரண்டு வருடம் பேசாமலே காகிதம் செய்தார்கள். அந்தக் காகிதத்தை அத்தை எட்டு தண்ணி அலசினாள். அப்பா ஒருநாளும் மடையைத் தொடவில்லை. ஒருநாள் அத்தை திருப்பூருக்கு, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட்டாள். அவள் போனபின் வந்த தாள்கள் மேடும் பள்ளமுமாக இருந்தன. அப்பா கொட்டகையில் தேங்காய் மட்டை அடுக்கினார்.

அத்தை இருபத்தெட்டு வருடம் திருப்பூரில் ஒற்றை அறையில் இருந்தாள். பொங்கலுக்கு வருவாள். எனக்குப் பனியன் துணியில் பாவாடை, என் கல்யாணத்துக்கு அரைப் பவுன் தோடு, என் மகளுக்கு நிறைய நிறைய சட்டைகள். தீபாவளிக்கு அவளைக் கூப்பிடுவது நான், பஸ் ஏற்றிவிடுவது நான். என் அன்பைப் பார்த்து உறவுக்காரர்கள் மெச்சுவார்கள். எனக்குத்தான் தெரியும், அது எந்தக் கடனைக் கழிக்கிற அன்பு என்று. எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்து, அப்பா இருக்கும்வரை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்பா போன பிறகு, போனவரைப் பற்றி எதற்கு என்று விட்டுவிட்டேன். சாக்குக்கா பஞ்சம்.

போன ஆவணியில் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். கோயமுத்தூரில் என் வீட்டில்தான் இருந்தாள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட வேண்டும். ஆபரேஷன் செய்த கண்ணில் மருந்து விட்டுவிட்டு, இரண்டு கண்ணையும் ஐந்து நிமிடம் மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஒரு மதியம் அப்படிக் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவள் என்னைப் பார்க்க முடியாது என்பதால்தான் எனக்குத் துணிச்சல் வந்திருக்க வேண்டும்.

"அத்தை, அன்னிக்கு அப்பா நாலு தண்ணியோட நிறுத்திப்போட்டாருங்க. வெங்காயத்துக்கு மடையைத் திருப்பி உட்டாரு. நான் பாத்தேன். உங்ககிட்ட ஏழுன்னு பொய் சொல்லிப்போட்டேன்."

அவள் முகம் மாறவில்லை.

"தெரியும் அம்மணி. சோடா போட்டது நானு. அளவு எனக்குத் தெரியாதா? வெரல்ல தேச்சப்பவே தெரிஞ்சுது. நீ ஏழுன்னு சொன்னீல்ல, வெரலை நம்பாம உன்னை நம்பினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையால் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அது போகட்டும். அவங்க வந்து உக்காந்திருந்தாங்களே, அன்னிக்கு நான் உன்னையவேதான் பாத்துட்டு நின்னேன். உங்கப்பா சொல்லமாட்டாரு. நான் சொன்னா எடுபடலை. கொழந்தை சொன்னா அந்தப் பெரியவர் கேட்டுக்குவாரு. நீ சொல்லீருவீன்னு நெனச்சேன்."

முப்பது வருடத்துக்கு மேலாக நான் அந்தப் பார்வையைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். சொல்லாதே என்று அவளும் கேட்டுக்கொண்டாள், அவளுக்காகவும்தான் நான் வாயை மூடிக்கொண்டேன் என்று, தூக்கம் வராத நேரங்களில் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்ள எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

"நீங்க சொல்லாதேன்னு பாக்கறீங்கன்னு நெனச்சனுங்கத்தை" என்றேன்.

அத்தை என் மணிக்கட்டை விட்டுவிட்டாள்.

"அடுத்த மருந்து எப்ப?"

"ஆறு மணிக்குங்கத்தை."

"செரி. அதுவரைக்கும் படுத்துக்கறேன்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் ஆறு மணிவரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.